வாரம் ஒரு வாளி

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது, பொய் என்னுடையது. முதல் வரைவில் பண்ணைக்காரர் ராய்ஸ் ஹல்வர்சனை வில்லனாக்கியிருந்தேன்: 'வேண்டுமென்றே வேலியைத் திறந்து, மாடுகளை உள்ளே...' அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். நடந்தது அதைவிட மோசம். அவர் இரக்கப்பட்டார்.

2
சியரா மலையடிவாரத்தில், ராய்ஸின் மேய்ச்சல் நிலத்தில், தாவரவியல் முனைவரான டெல்ஃபினா அர்ரியாகா ஒன்பது வருடமாக நீல ஓக் மரக்கன்றுகளை எண்ணிவருகிறாள். மழை குறைந்து வெயில் ஏறும் காலத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. நானூறு கன்றுகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகட்டுத் துண்டு. யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது.

இந்த ஆகஸ்டில் அவள் வந்தபோது சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. பாதையோரம் பதினொரு கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. வறட்சியைத் தாங்கும் வித்து கிடைத்துவிட்டது என்றே நம்பினாள்.

3
மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவந்த ராய்ஸ் பிக்கப் வண்டியை நிறுத்தினார்.

"என்ன டாக்டரம்மா, முகம் ஜொலிக்குது?"

"இந்தப் பதினொண்ணைப் பாருங்க ராய்ஸ். இதுங்க ஏதோ வேற ஜாதி."

அவர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். "வேற ஜாதியெல்லாம் இல்ல. நான்தான் தண்ணி ஊத்தினேன். டியூப் அவ்வளவு தூரந்தான் எட்டுச்சு."

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.)

"ஒன்பது வருஷம், ராய்ஸ்."

"தெரியும். நீங்க வருஷத்துக்கு ஒருக்கா வர்றீங்க. நான் தெனம் ரெண்டு தடவ இப்படித்தான் போறேன். சாகுறதப் பாத்துக்கிட்டே போகணுமா?"

"ஆமா, பாக்கணும். எனக்கு மட்டும் ஆசையா?"

4
அவள் விஷயத்தை மூடிமறைத்து, கட்டுரை வெளியாகி, பாராட்டு குவிவதாக ஒரு முடிவு எழுதினேன். அந்த முடிவுக்குள் மூன்று வரிக்குமேல் அவள் என்னோடு வரவில்லை. நடந்தது இதுதான்: வண்டியின் முன்மூடிமேல் நோட்டை விரித்து, பதினொரு எண்களையும் அடித்து, பக்கத்தில் 'தண்ணீர் ஊற்றப்பட்டது' என்று எழுதினாள். பிறகு கேட்டாள்:

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஆளுக்கு ஒரு வாளி இருக்கும். வாரம் ஒருக்கா, ஜூன்லேருந்து."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு வாளி. ஒன்பது வருடத்தில் யாரும் அவளுக்கு அந்த அளவை இத்தனை துல்லியமாகச் சொன்னதில்லை. புதுப் பக்கம் திருப்பி அதையும் குறித்துக்கொண்டாள்.

5
பதினொரு தகடுகளையும் அவள் கழற்றியதும் ராய்ஸ் கேட்டார்: "அப்போ இதுங்க உங்க ஆராய்ச்சியில இல்ல. அடுத்த கோடைக்கும் ஊத்தலாமில்ல?"

அவள் பதில் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. உங்கள் வாயில் இப்போது ஒரு பதில் வந்து நிற்கிறதே, டியூப் எட்டாத அந்தச் சரிவை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அதை ராய்ஸிடம் நீங்களே சொல்லுங்கள்.