அக்கா பெயரில் ஓர் ஈ

தையல் கடைத் தெருவில் அவளுக்கு ஈக்கார அக்கா என்றுதான் பெயர். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்து நிற்பவர்களைக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, "என் பேர்ல ஒரு ஈ இருக்கு, தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் எங்கே ஓடுவது? அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் தங்கை வேலை பார்ப்பது, பதினோரு வருஷத்துக்கு முன் அவள் ஒரு புது ஈயைக் கண்டுபிடித்தது, அதற்கு அக்காவின் பெயரையே வைத்தது எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் கையை இறக்க முடியும்.

தங்கைக்கு இதெல்லாம் கூச்சம்தான். ஆனால் அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் கண் விழித்து ஆளாக்கியவள் அக்கா. அவளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தங்கையிடம் அப்போது ஓர் ஈயின் பெயர்தான் இருந்தது. கொடுத்தாள்.

அது லேசுப்பட்ட ஈ இல்லை. கம்பளிப்புழுவின் மேல் முட்டை வைக்கும் ஒட்டுண்ணி. பொரிந்த குஞ்சுகள் புழுவின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தி, அதைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் வெளியே வரும். இந்த ஈக்களின் பேரினத்தைத்தான் தங்கை ஒன்பது வருஷமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காலில் எத்தனை முடி, கண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, இறக்கை நரம்பு எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப்போனது. கடைசியில் முப்பத்திரண்டு இனங்கள் தேறின. புத்தகம் அச்சுக்குத் தயார். வெள்ளிக்கிழமைக்குள் கடைசித் திருத்தம் போயாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை அக்கா ஒரு ஜாம் பாட்டிலோடு பூச்சிப் பிரிவுக்கே வந்துவிட்டாள். பாட்டிலின் வாயில் லைனிங் துணி கட்டியிருந்தது.

"குட்டி, பால்கனித் தொட்டியில முட்டைக்கோஸ் வச்சிருக்கேன்ல, அதுல ஒரே ஒரு புழு. பிடிச்சு உள்ள போட்டேன். இப்ப பாரு, ஆறு ஈ. என் ஈதானே?"

தங்கை விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று ஈக்களுக்குச் சிவந்த வயிறு, உச்சியில் ஒட்டினாற்போல் கண்கள். சந்தேகமே இல்லை, அக்காவின் ஈ. மற்ற மூன்றும் கருத்த வயிறு, விலகிய கண்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்த இனம்தான். நூறு வருஷத்துக்கு முன் யாரோ பெயர் வைத்துவிட்டுப் போனது.

"மூணு உன்னோடது," என்றாள்.

"மீதி?"

"அது வேற." சொல்லிவிட்டுப் பாட்டிலை மறுபடியும் விளக்குக்கு நேரே பிடித்தாள்.

விஷயம் இதுதான். அக்காவின் ஈயில் இத்தனை வருஷமும் கிடைத்ததெல்லாம் ஆண்கள். அந்தப் பழைய இனத்தில் கிடைத்ததெல்லாம் பெண்கள். அவள் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்தப் பேரினத்தில் பாதிக்குப் பாதி இப்படித்தான், ஒரு பக்கம் கிடைத்தால் மறுபக்கம் கிடைக்காது. ஜோடி எங்கேயாவது காட்டில் இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஜோடியோ அவள் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில், வேறு பெயரில், ஜம்மென்று இருந்திருக்கிறது.

ஒரே புழுவில் இரண்டு வேறு இனங்கள் முட்டை வைப்பதும் உண்டு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தச் சமாதானம் தாக்குப்பிடித்தது. புதன்கிழமை காலை பாட்டிலைப் பார்த்தால், ஒரு கருப்பு வயிற்றின் முதுகில் ஒரு சிவப்பு வயிறு. ஜோடி சேர்ந்து, உலகத்தையே மறந்து உட்கார்ந்திருந்தன. சற்று நேரத்தில் இன்னொரு ஜோடி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இரண்டும் ஒன்று என்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அது இந்தத் தொழிலின் சட்டம். ஜன்னலைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் கேட்பார் யாரும் இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனாள். அக்கா ஒரு காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அந்த ஆறும் ஒண்ணுதான். சிவப்பு ஆண், கருப்பு பெண். நான் ஆணை மட்டும் பார்த்துட்டு, புதுசுன்னு நினைச்சு உன் பேர வச்சிட்டேன். பெண்ணுக்கு எப்பவோ பேர் வச்சாச்சு. அதுதான் இனிமே ரெண்டுக்கும்."

தையல் மெஷின் நின்றது. "அப்ப என் பேரு?"

"அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கும். தெரியாம வச்ச பேருன்னு."

"இவ்வளவு நாளா ஆம்பள ஈக்காடி என் பேரு?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் போனது. காலரை மடியில் வைத்து நீவினாள். "கஷ்டமா இருக்கு குட்டி. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

தங்கை மெஷினுக்குப் பக்கத்தில் வந்தாள். "நீ வேண்டாம்னு சொல்லு, விட்டுடறேன். வேற யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டு எப்படி வாய் கூசாம நாலு பேர்கிட்ட சொல்றது?" அக்காவின் குரலில் கோபம் இருந்தது. காலரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு அதுல எழுதுவியா?"

"எழுதணும். யார் வளர்த்தாங்க, எந்தச் செடி, எத்தனை ஈ, எல்லாம்."

"அப்ப என் பேரப் போட்டே எழுது. அந்தப் பேரு தப்புன்னு காட்டினது நான்தான்னு எழுது. நீயே கண்டுபிடிச்ச மாதிரி எழுதினேன்னு வை, நடக்கிறதே வேற."

தங்கை வெட்டுத்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவளை அழவிட்டாள். பிறகு அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவையும் சேர்த்து அவள் மடியில் வைத்தாள்.

"இங்கயே எழுதிட்டுப் போ. வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்."

"மாறாதுக்கா. எழுதிடுவேன்."

"உனக்கில்லடி," என்றாள் அக்கா. "எனக்கு."