அழித்த முடிச்சு

...யாருமே தொட்ட மாதிரி தெரியலையே என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் நிஷித்பாய், வெண்ணெய் வழியும் மஸ்கா பன்னைக் கடித்துக்கொண்டே, ஏதோ டீயில் சர்க்கரை குறைவு என்பது போல... பால்டி நிறுத்தத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் ருத்விக்குக் காதுச் சூடு ஆறவில்லை. அவருக்கென்ன, இவள் விண்ணப்பிக்கும் அதே கல்லூரியில் டிசைன் முதுகலை முடித்தவர், சொல்லிவிட்டுப் போய்விடுவார். மடியில் இருக்கும் லேப்டாப்பில் விண்ணப்பத்தோடு வைக்கும் டிசைன் தொகுப்பு, இருபத்திரண்டு பக்கம், ஆறு மாத உழைப்பு, நாளை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும், போன வருடம் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை, இந்த முறையும் இல்லையென்றால் இப்போது படம் வரையும் பம்பு கம்பெனியே கதி என்று வீட்டில் அவளே சொல்லியிருக்கிறாள். இவரிடம் காட்டாமலே அனுப்பியிருக்கலாமோ? மற்றதையெல்லாம் விறுவிறுவென்று தள்ளினார், காய்கறித் தள்ளுவண்டிக்கு அவள் செய்த நிழல்துணிப் பக்கத்தில் மட்டும் நின்றார். “படம் பளபளன்னு இருக்கும்மா. ஒரு வாரம் வெயில்ல நின்ன வண்டி எப்படி இவ்வளவு புதுசா இருக்கும்? எதை அழிச்ச?”

எதை அழித்தாள்... அழித்தாள்தான். காய்கறி விற்கும் மங்குபென்னின் வண்டியில் அந்தத் துணியை மாட்டி ஒரு வாரம் கழித்துப் போனபோது, ஓரத்தில் பழைய சேலைக் கிழிசல் ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது, அவள் எடுத்த படத்தில் அது விளிம்புவரை நீண்டிருந்தது. தான் செய்த கொக்கி தாங்கவில்லை போல, அதுதான் கட்டிவிட்டார் என்று வெட்கமாகப் போய்விட்டது, காரணம் கேட்கக்கூட வாய் வரவில்லை. கணினியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம், இழை இழையாக அந்த முடிச்சைத் துடைத்தாள், வேலை சுத்தமாக வந்தது என்று பெருமை வேறு! பம்பு கம்பெனியில் படத்தில் பிசிறு இருந்தால் மேலாளர் தூக்கி எறிவார், அந்தப் பழக்கம்தானோ? பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. போனில் பழைய படத்தைத் தேடினாள், நல்ல வேளை, இருந்தது. முடிச்சைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொக்கி உடையவில்லையே... அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் இது எதற்கு?

ஜமால்பூர் வந்ததும் வீட்டுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருக்கிறது என்பதை மறந்து இறங்கிவிட்டாள். மணி நாலரை, வெயில் சாய்வாக அடித்தது. மங்குபென் அவரைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தார். சேலைத்துண்டு இன்னும் இருந்தது, ஆனால் அது வண்டியோடு முடியவில்லை, இழுத்துப் போய்ப் பக்கத்து வண்டியின் கம்பில் கட்டியிருந்தது, அடியில் பூண்டு விற்பவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கியது. கொக்கி பிடிக்கலையா மங்குபென் என்று ருத்வி கேட்டாள். மங்குபென் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் கொக்கிக்கு என்ன? அது கெட்டியா இருக்கப்போய்த்தானே அவ வண்டி வரைக்கும் இழுத்துக் கட்டினேன். நிழல் எனக்குப் போக மிச்சம் இருந்துச்சு.”

மனசு லேசாகித் துள்ளியது, நாளை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தைப் புதிதாகச் செய்துவிடலாம்... லேப்டாப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை உயர்த்தினாள். இரண்டு வண்டியும் தெரிய வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டியிருந்தது, இன்னும் பின்னால், சாலை ஓரம்வரை. ஆறு மாதமாக இங்கே வந்து வந்து நின்றவள், இவ்வளவு தூரம் ஒருநாளும் தள்ளி நின்றதில்லையே, ஏன்?