மேசை தட்டிய கை

மேட்டுக்கெரை பேரூராட்சியின் எட்டாவது வார்டு உறுப்பினர் திம்மப்பனின் வலது உள்ளங்கையிலிருந்து தண்ணீர் ஊறத் தொடங்கியது, ஏரிக்கரை கார்டன் மனைப்பிரிவுக்கு மன்றம் அனுமதி கொடுத்த அன்று மத்தியானம். வேர்வை இல்லை. தெளிந்த தண்ணீர், லேசான சேற்று வாசம், சில நாள் கெண்டைக் குஞ்சும் வரும். ஓசூரில் தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. ஊர் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

எங்கள் மன்றத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கும் வழக்கம் கிடையாது. எழுத்தர் கிருஷ்ணப்பன் படிப்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், ஏகமனதாக நிறைவேறியது என்று அவர் எழுதிக்கொள்வார், பிறகு போண்டா வரும். போண்டா ஆறிவிடக் கூடாது என்று படிப்பதும் வேகமாக நடக்கும். ஏரிக்கு வரும் வாய்க்காலை மூடி, அதன்மேல் மனைப்பிரிவுக்குச் சாலை போடலாம் என்ற தீர்மானம் வந்தபோது, எதிர்க்கட்சியினர் தெருவிளக்கு எரியவில்லை என்று வெளிநடப்பு செய்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல ரோசக்காரர்கள், எந்த நேரத்தில் ரோசம் வர வேண்டும் என்று தெரிந்தவர்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு முந்தின நாளே ‘மாவட்டம்’ போன் செய்துவிட்டார். மாவட்டச் செயலாளரைக் கட்சியில் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு மாவட்டமே பேசும்போது ஒரு வார்டு என்ன சொல்லிவிட முடியும்?

சொல்லியிருக்கலாம். அன்று காலை, ஏரிக்குக் கீழே புதினா போட்டிருக்கும் ஃபகருன்னிசா திம்மப்பனை வழியில் நிறுத்தினார். கணவர் இறந்தபின் அந்தப் பாத்திகளை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடியது. வாய்க்கால் போனால் ஏரி இல்லை, ஏரி போனால் புதினா இல்லை.

“அண்ணா, வாய்க்கால மூடப் போறாங்களாமே?”

“நான் இருக்கறப்போ எவம்மா மூடுவான்? நீ போயி வேலையப் பாரு.”

இதைச் சொல்லும்போதே அவருக்கு மாவட்டத்தின் போன் நினைவில் இருந்தது. அதுதான் கேவலம். அன்று மேசையில் அவர் தட்டியதுதான் எல்லோரையும்விடப் பலமாகக் கேட்டது என்று கிருஷ்ணப்பன் இன்றும் சொல்கிறார்.

திம்மப்பன் கையைக் கட்சித் துண்டில் சுற்றி மறைத்தார். துண்டின் கரை சாயம் விட்டுச் சட்டையெல்லாம் கட்சி நிறமானது. பெங்களூர் மருத்துவர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, தாராளமாகக் குடிக்கலாம் என்றார். மன்றத் தலைவர் சரோஜம்மாள், இதைக் குடிநீர்த் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று செயல் அலுவலரைக் கேட்டார். விதியில் இடமில்லை. அதற்குள் வாய்க்கால்மேல் தார் விழுந்தது, பெங்களூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து மனை பார்த்தார்கள், இரண்டு வருஷத்தில் ஏரி கிரிக்கெட் மைதானமானது. புதினா பாத்தி பாத்தியாகக் காய்ந்தது. ஃபகருன்னிசா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனார். வழியில் பார்த்தால் அவர் திட்டவில்லை, “நல்லா இருக்கீங்களாண்ணா” என்றுகூடக் கேட்டார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை. திம்மப்பனால் ஊரில் தலை நிமிர முடியவில்லை, வீட்டில் சோறு பிசைந்தால் கஞ்சியானது, மனைவி மாரம்மாவிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், பிறகு அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, பட்டப்பகலில், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, கையைச் சொட்டவிட்டபடி நடந்து போய் ஃபகருன்னிசாவின் தோட்டத்தில் குந்தி உள்ளங்கையை மண்ணில் வைத்தார். தண்ணீர் ஓடியது. ஃபகருன்னிசா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து திம்மப்பன் தினமும் வருகிறார். கீழ்த்தோட்டக்காரர்களும் வழக்கம்போல முறை கேட்டார்கள், வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்று முடிவானது. ஆனாலும் ஒரு கை எவ்வளவுதான் பாய்ச்சும்? முன்பு தோட்டம் முழுக்க இருந்த புதினா மூன்று பாத்தியில் மட்டும் தழைக்கிறது. மீதி நிலம் வெடித்தபடி அவர் கண்ணெதிரே கிடக்கிறது, கேன்டீன் வேலையையும் ஃபகருன்னிசா விடவில்லை.

போன மாதம்தான் திம்மப்பனுக்கு வாய் வந்தது.

“அன்னிக்கி நான் தட்டுனது தப்புதாம்மா.”

ஃபகருன்னிசா குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்ணா. கைய ஆட்டாதீங்க, மடை ஒடையுது.”

திம்மப்பன் கையை ஆட்டவில்லை.