பொங்கல் படத்து மாமனும் சீரியல் மாமனும்

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி ஒரு பொங்கலன்று தெய்வமானார், மறுவருஷமே துரோகியானார். இரண்டையும் செய்தது ஒரே டிவிக்காரர்கள்தான்.

முதலில் வந்தது ஒன்றரை மணி நேரப் பொங்கல் படம். வாடிப்பட்டியில் எங்கள் வீட்டில்தான் எடுத்தார்கள். டைரக்டர் நாங்கள் போட்ட கறிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே குடும்பக் கதையைக் கேட்டார். இவரும் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார். படத்தில் தங்கச்சிக்காக உருகும் தாய்மாமனுக்கு இவருடைய மீசை, இவருடைய புல்லட். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த வரவேற்பைப் பார்த்து அதையே சீரியலாக்கினார்கள். நல்லவனை வைத்து ஒரு பொங்கலை ஓட்டலாம், வருஷக்கணக்கில் ஓட்ட முடியுமா? சீரியலிலும் அதே மீசை, அதே புல்லட். ஆனால் மாமன் தங்கச்சியின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்குகிறான்.

இவருடைய நேரம், அந்தக் காட்சி வந்த வாரம் பார்த்துத்தான், இருவர் பேரிலும் இருக்கிற கிணற்று மோட்டாருக்காகத் தங்கை ரோகிணியிடம் கையெழுத்துக் கேட்டிருந்தார். ஆனையூரில் இருக்கும் ரோகிணியின் மாமியார் செல்லத்தாய் சீரியலைப் பஞ்சாங்கம் மாதிரி நம்புகிறவர். உடனே போன் வந்தது.

"அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்துறப்ப அவ பெரியப்பா மடியிலயே உக்கார வச்சுக்கிறலாம்னு அத்தை சொல்றாக" என்றாள் ரோகிணி.

இவர் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைக்காமல் காது குத்தினால் மாமன் செத்துப்போனான் என்று அர்த்தம், இல்லை செத்துத் தொலையட்டும் என்று அர்த்தம். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் துள்ளிக்கொண்டு எழுந்தார். "சத்யா, கெளம்பு. பொங்கல் படத்தப் போட்டுக் காமிக்கப் போறேன். எவன் நெசமான மாமன்னு பாத்துக்கிறட்டும்."

"படத்த முழுசாப் பாத்தீகளா?"

"நம்ம கதைய நான் வேற பாக்கணுமாக்கும்!"

பொங்கலன்று பாதிப் படத்திலேயே குறட்டை விட்டவர். கடைசிவரை பார்த்தவள் நான். வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பொங்கல் படத்தில் மாமனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, நானே கிடையாது. சீரியலில் மாமனுக்குப் பெண்டாட்டி உண்டு, அவனைத் தூண்டிவிடுகிற சூனியக்காரியே அவள்தான். அதற்காக இவர் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று பேசாமல் புல்லட்டில் ஏறினேன்.

ஆனையூரில் செல்போனிலிருந்து டிவியில் படத்தைப் போட்டார். மாமன் உருக உருகச் செல்லத்தாயும் உருகினார். ரோகிணி மூக்கை உறிஞ்சினாள். இவர் ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். அப்போதுதான் கடைசிக் காட்சி வந்தது. காதுகுத்துச் சீராக மாமன் தன் தென்னந்தோப்பையே தங்கச்சி மகள் பேருக்கு எழுதிவைத்தான்.

செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தப்பா நெனச்சுப்புட்டேன்யா தம்பி. நீதான் பாப்பாவ மடியில வச்சுக்கிறணும். ஆமா, ஒங்க தோப்பு அம்புட்டும் தென்னைதான?"

அந்தத் தோப்பில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. கொடுக்கவும் முடியாது, தங்கை முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"தோப்புலருந்து ஒரு மட்டை கூடக் கெடையாது" என்றேன். "நான் ஒத்துக்கிற மாட்டேன். தோடு போடுவோம், பட்டு எடுப்போம், அம்புட்டுத்தான். ஆனா மடி இவுக மடிதான்."

ரோகிணியின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் தங்கம், மதினிதான் தடுத்துவிட்டாள். படமும் பொய்யில்லை, சீரியலும் பொய்யில்லை. "பாவம்ணே நீ" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லத்தாய் என் காப்பியில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

அழகர்கோவிலில் காது குத்தியபோது பாப்பா இவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டது. இவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தானும் அழுதார். சொந்தபந்தம் இவரைப் பார்த்து உச்சுக்கொட்டியது, என்னைப் பார்த்து முறைத்தது. முறைத்தால் முறைக்கட்டும். இவர் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துதான் போனது.

திரும்பும் வழியில் புல்லட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டே தொண்டையைக் கனைத்தார்.

"ஆனாலும் சத்யா, நீ அம்புட்டுக் கறாராப் பேசியிருக்க வேணாம். ரோகிணி பாவம்ல?"

"வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.