ஊசி முனையில் ஒரு கோடு

எங்க அண்ணனுக்குக் கீறல்னா ஆகாது. தட்டுல ஒரு கோடு இருந்தாக்கூட சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவனோட சேர்ந்து நான் படிகம் வளர்க்கிற பட்டறை நடத்துறேன். உப்புக் கரைசல் நிறைஞ்ச கண்ணாடித் தொட்டியில சின்ன விதைப் படிகத்தைத் தொங்கவிட்டு, மெல்ல மெல்ல ஆறவிட்டா, அது பெருசாகணும். லேசர் கருவி செய்யறவர் ஒருத்தர்தான் மிச்சமிருந்த வாடிக்கை. "வெள்ளிக்கிழமை வருவேன், வளரலைன்னா வேற இடம் பார்த்துக்கறேன்"னுட்டார். அவரும் போனா பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அண்ணன் விதையைத் தேய்ச்சான், தேய்ச்சான், அப்படித் தேய்ச்சான். லென்ஸ் வச்சுப் பார்த்தாலும் குறை கிடையாது. ஆனா துளிகூட வளராம, அது பாட்டுக்குத் தொட்டியில தேமேன்னு தொங்குச்சு.

"இப்படி மொழுமொழுன்னு இருந்தா, உப்பு வந்து ஒட்டறதுக்குப் பிடி ஏதுண்ணே? ஒரு குறை இருந்தா அங்க ஒரு படி கிடைக்கும். ஒட்ட ஒட்ட அந்தப் படி சுத்திச் சுத்தி ஏறும், தீரவே தீராது. லேசாக் கீறிடலாம்."

"என் உசிரே போனாலும் கீற மாட்டேன்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய் விழுந்துட்டேன். காலையில வந்து பார்த்தா, பொறுமை இல்லாம சூட்டைச் சட்டுனு குறைச்சு வச்சிருக்கான் மகராசன். தொட்டி முழுக்க மணல் கொட்டின மாதிரி பொடிப் படிகம், விதை மேலயும் அப்பிக் கிடந்தது.

மறுபடி சூடாக்கி, வடிகட்டி, ரெண்டு பேருக்கும் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. விதையைச் சுத்தம் பண்ணி முடிச்சவன் என்கிட்ட ஒரு ஊசியை நீட்டினான்.

"என்னால முடியல. நீயே போடு."

அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். விதை நடுவுல ஒரே ஒரு கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை வாடிக்கைக்காரர் வந்தப்போ படிகம் நல்லாவே தடிச்சிருந்தது. லென்ஸை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வளருது, சரி. விதையில ஏதோ கீறல் தெரியுதே?"

எனக்குப் பக்குன்னுச்சு. வெக்கம் தாங்காம அண்ணன் தொட்டியையே கவுத்துடுவானோன்னு பயந்தேன்.

அண்ணன் சுவத்துல சாஞ்சபடி, கண்ணைக்கூடத் திறக்காம சொன்னான்.

"அது இருக்கறதாலதான் வளருது. என் தங்கச்சி போட்டது."

"அப்ப அடுத்ததுக்கும் அவங்களையே போடச் சொல்லுங்க."

நான் திரும்பி நின்னு, துடைச்ச கண்ணாடியையே மறுபடியும் துடைச்சுக்கிட்டிருந்தேன்.