பிச்சாவரத்தில் ஒரு பெல்பாட்டம்

எழுபத்தெட்டாம் வருஷம் கத்திரி வெயிலில் விக்கிரமங்கலத்திலிருந்து இரண்டு சைக்கிள்கள் கிழக்கே கிளம்பின. முன்னால் போனவள் அம்சவள்ளி. ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர், முழுப்பரீட்சை லீவு. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் அவள் புருஷன். ஜெயங்கொண்டத்தில் தையல்கடை வைத்திருந்தான். கடலைப் பார்க்கப் போவதற்கென்றே தனக்கு ஒரு பெல்பாட்டம் தைத்துப் போட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே அது பேண்டா பாவாடையா என்று சொல்ல முடியாது.

மாமியார் இருசம்மாளிடம் சொல்லியிருந்தது வேறு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, சிதம்பரம் போய் நடராசரிடம் வேண்டிக்கொண்டு வருகிறோம் என்று. இருசம்மாள் உருகிப்போய்ப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

"பஸ்ல போனா என்னடி?"

"வேண்டுதல்னா உடம்பு நோகணும் அத்தை" என்றாள் அம்சவள்ளி. பொய் சொல்ல அவளுக்குக் கூச்சமே கிடையாது. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் மேய்க்கிறவள்.

அவளுக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான். புருஷன் பேரைப் பொண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பதில் அந்த வீட்டில் கண்டிப்பு. அவன் பேரோ ஆண்டவர். அதனால் மூன்று வருஷமாக அவளால் சாமியைக்கூட வாய்விட்டுக் கூப்பிட முடியவில்லை. ஒருதரம் தேள் கொட்டியபோது "ஏங்க!" என்று மொட்டையாகத்தான் கத்தினாள். சாமியும் வரவில்லை, புருஷனும் வரவில்லை.

தா.பழூர் போய்ச் சேர்வதற்குள் பெல்பாட்டம் மூன்று தடவை செயினில் மாட்டியது. "கயிறு போட்டுக் கட்டிக்குங்க" என்றாள். "கட்டுனா ஸ்டைல் போயிடும்" என்றான். அணைக்கரையில் டீ குடித்தார்கள். வீராணம் ஏரிக்கரையில் எதிர்க்காற்று பிடித்துத் தள்ள, இறங்கி உருட்டினார்கள். சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து, காலையில் கோபுரத்தைப் பார்த்து ரோட்டில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேண்டுதல் முடிந்தது.

பிச்சாவரத்துக் கரையில் கலியம்மாள் என்று ஒருத்தி கூடையில் இறாலைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் தோணி கட்டிக்கிடந்தது. கடல்வரைக்கும் கொண்டுபோய் விடுவாளா என்று கேட்டார்கள்.

"நான் சாப்பிட்டுப் படுக்கணும். தோணி இருக்கு, கழி இருக்கு. நீங்களே போயிட்டு வாங்க. தண்ணி வத்தறதுக்குள்ள திரும்பிடணும்" என்று சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

அம்சவள்ளி கொள்ளிடக்கரையில் பிறந்தவள். கழியைக் கையில் எடுத்தாள். ஆண்டவர் பிடுங்கிக்கொண்டான்.

"பொம்பளை தள்ளி ஆம்பளை உக்காந்து போனா நண்டுகூட சிரிக்கும்."

முதல் கால்மணி நேரம் தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு எப்படியோ சுரபுன்னைக் காட்டுக்கு நடுவே இருந்த கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நின்றன. ஆண்டவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கழியை ஆழமாகக் குத்தி ஓங்கித் தள்ளினான். கழி சேற்றில் சிக்கிக்கொண்டது. தோணி முன்னால் போய்விட்டது. அவன் கழியை விடவில்லை. நடு ஓடையில், குரங்கு மாதிரி கழியைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

"வள்ளீ! எனக்கு நீச்சல் தெரியாது புள்ள!"

கழி மெல்லச் சாய்ந்தது. பெல்பாட்டத்துக்குள் காற்று புகுந்து உப்பியது. அவள் கையாலேயே தண்ணீரைத் துழாவித் தோணியைத் திருப்பப் பார்த்தாள், திரும்பவில்லை.

"ஆண்டவரே!" என்று அலறினாள்.

தொப்பென்று விழுந்து மூழ்கியவன் எழுந்து நின்றான். தண்ணீர் இடுப்பளவுதான். தலையில் பாசி.

"இப்ப யாரடி கூப்பிட்டே? என்னையா, அவரையா?"

"யாரு வந்தாலும் சரின்னுதான் கூப்பிட்டேன்!" என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கழியைப் பிடுங்கிக்கொண்டு தோணிவரைக்கும் நடந்து வந்தான். சேறு நிரம்பிய பெல்பாட்டம் யானைக்கால் கனம் கனத்தது. அதை அங்கேயே கழற்றிவிட்டு, அவளுடைய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். அதற்குமேல் கழி அவள் கையில்.

தோணியை மணல்திட்டில் ஏற்றிவிட்டு நடந்தார்கள். மணல் சுட்டது. குதித்துக் குதித்து மேடேறினால், எதிரே கடல்.

"இம்மாந் தண்ணி வச்சிக்கிட்டு நம்மூர்ல மழை பேயலையே" என்றான் ஆண்டவர்.

அம்சவள்ளி புடவையைச் சொருகிக்கொண்டு ஓடினாள். கொள்ளிடத்து வெள்ளத்தையே நீந்தியவள், இது எம்மாத்திரம் என்ற நினைப்பு. முதல் அலை அவளைப் புரட்டிப் போட்டது. இரண்டாவது வாயில் மண்ணை அடைத்தது. மூன்றாவது, கொண்டுபோன மாதிரியே கரையில் கொண்டுவந்து கவிழ்த்தது. ஆண்டவர் மணலில் உருண்டு உருண்டு சிரித்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. மாமியார் இல்லாத, ஹெட்மாஸ்டர் இல்லாத இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு தானும் சிரித்தாள். சாயங்காலம் வரைக்கும் விழுந்து எழுந்துகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது தண்ணீர் வற்றியிருந்தது. முழங்கால் சேற்றில் தோணியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கலியம்மாள் கரையில் நின்று, அவர்கள் வந்து சேரும்வரை திட்டினாள். சேர்ந்ததும் இறால் குழம்பும் சோறும் போட்டாள். தன் புருஷனுடைய லுங்கி ஒன்றை ஆண்டவர்மேல் வீசினாள்.

"கொள்ளிடம் எங்கக்கா கடல்ல விழுது?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"பழையாறுன்னு ஒரு ஊரு, அங்க. சிதம்பரம் போயி, கொள்ளிடப் பாலம் தாண்டிக் கிழக்கே போவணும்."

மறுநாள் சிதம்பரத்தில் மேற்கே திரும்ப வேண்டிய இடத்தில் அம்சவள்ளி தெற்கே திருப்பினாள்.

"வூடு அந்தப் பக்கம் புள்ள! அம்மா தேடும்!"

"நடராசர் ரெண்டு நாள் தங்கச் சொல்லிட்டாருன்னு சொல்லிக்கலாம், வாங்க."

அவன் நின்று யோசித்தான். சைக்கிள் சீட்டு பட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஆறு தின்றுவிட்டு அவனிடமே பழையாற்றுக்கு வழி கேட்டுக்கொண்டார்கள்.