தலையணைக்கு அடியில் ஒரு மாத்திரை

1

இந்தக் கதை ஒரு மாத்திரையிலிருந்து பிறந்தது. மூட்டுவலிக்கென்று ஓர் அப்பா வருடக்கணக்காகக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய வெள்ளை மாத்திரை. இதய அறுவைக்குப் பிறகு அது ஆகாது. ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடும். இதை மருத்துவர் மகளிடம் சொன்னார், ஒரே ஒரு தடவை, நடந்துகொண்டே. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளாம், புரிந்துகொள்வாளாம். அவள் படித்தது வணிகவியல்.

2

வார்டு ஜன்னலில் மதிய வெயில் பொன்னாக உருகி—

வேண்டாம். வெயில் உருகி யாருக்கும் மூத்திரம் பிரிந்ததில்லை.

மகள் குனிந்து, கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம், அடர் பழுப்பில்.

"என்னம்மா அங்கயே பாக்குற? பால் கறக்குற மாடா நான்?"

"கிட்னி கோவிச்சுக்கிட்டு இருக்குப்பா. சமாதானம் ஆகட்டும்."

"நெஞ்சையே பொளந்துட்டாங்க. என் மாத்திரையைக் குடுத்தா மட்டும் குடி முழுகிடுமா? நீ படிச்சவதானே, சொல்லேன்."

"அவங்க குடுக்குறது போதும். பேசாம படுப்பா."

தலையணையைச் சரிசெய்தாள். அடியில் வெள்ளை மாத்திரை.

3

நர்ஸ் அதை வாங்கிக் குப்பையில் போட்டார். "கொண்டுவந்த துணிப்பையெல்லாம் தேடிட்டோம். இவரால எந்திரிக்கவே முடியாது. அப்புறம் எப்படிம்மா வருது?"

கேள்வி இதை எழுதுகிற எனக்குத்தான். மேலே "அடியில் வெள்ளை மாத்திரை" என்ற வரியை அழித்தேன். திரும்ப வந்தபோது அது அங்கேயே இருந்தது. நீங்களே பாருங்கள், இருக்கிறது.

(முதலில் மகளைத்தான் சந்தேகப்பட்டேன். முனகலைக் கேட்டுக் கேட்டு மனம் இளகியிருக்கலாம். கையை விரித்துக் காட்டும்படி எழுதினேன். வெறுங்கை. அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒத்துழைப்பதில்லை.)

4

முடிவு ஒன்று: பை நிறைகிறது, அப்பா வீட்டுக்கு— எழுதிப் பார்த்தேன். அடுத்த வரியில் அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

முடிவு இரண்டு: இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு—

மாட்டேன்.

யோசித்தால், யாரும் தடுக்காமல் வார்டுக்குள் வந்துபோகிற ஆள் இன்னொருவர் உண்டு. முதல் வரியிலிருந்தே வாசித்தபடி இங்கே நிற்கிறார். பாவம் மனுஷன், ஒரு மாத்திரைதானே என்று எங்கோ ஓரிடத்தில் நினைத்திருப்பார்.

5

அப்பா கால்மாட்டைப் பார்த்துக் கை நீட்டுகிறார்.

"நீங்களாச்சும் இரக்கப்படுறீங்களே. இன்னும் ஒண்ணு குடுங்க."

மகள் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை. பைக்குள் ஒரு துளி விழுகிறது. அடுத்த துளி குழாய் நுனியிலேயே நிற்கிறது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்கள் கையைத் திறந்து காட்டுங்கள்.